விலாப் பத விளக்கம்

1. பாயிரம்

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியிலும் மெம்ஃபிஸிலும் ஹிக்கரி விறகுப் புகையில் வேகும் பன்றி விலா, உணவு என்ற நிலையைக் கடந்து தர்க்க சாத்திரமாக வளர்ந்திருக்கிறது. அதன் மையக் கேள்வி ஒன்றே: சதை எலும்போடு எவ்வளவு பற்று வைத்திருக்கலாம்? விடாப்பற்று எனில் வேகவில்லை. முற்றும் துறந்தது எனில் குழைந்துவிட்டது. இடைநிலையை அறியும் வழி ஈண்டு ஆராயப்படும்.

2. இருவகைக் கொள்கையினர்

எலும்பைத் தூக்கினால் சதை தானே கழன்று தட்டில் விழவேண்டும் என்போர் கழல்வாதிகள். கடித்த இடத்துச் சதை மட்டும் சுத்தமாக வர, பல் பதிந்த வடிவம் நிற்க, மிச்சம் எலும்பிலேயே இருக்கவேண்டும் என்போர் கடிவாதிகள். பந்தியில் முன்னவர் குரல் ஓங்கும். தீர்ப்பெழுதும் பேனாவோ பின்னவர் கையில். கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் போட்டிகளில் மென்மைக்கென்றே 2 முதல் 9 வரை தனி மதிப்பெண் உண்டு. அதை 1.1428 ஆல் பெருக்குவார்கள். தோற்றத்துக்கு வெறும் 0.56. ஒரு வாய்ச் சதையின் பதத்தை நான்கு தசம இடம் வரை கொண்டுபோனவர்களை எளிதில் எதிர்த்து வாதாட முடியாது.

3. அளவையியல்

உரை அளவை: 3-2-1 என்பது மூத்தோர் வாக்கு. சுமார் 107 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் புகை, 2 மணி நேரம் அலுமினியத் தாளுக்குள், 1 மணி நேரம் திறந்து வைத்து சாஸ் பூச்சு. மறுக்கவொண்ணா மந்திரம்தான், பன்றிதான் அதை ஓதியதில்லை. அடிவயிற்றுப் பக்கத்துத் தடித்த விலாவுக்குச் சொன்ன 6 மணி நேரத்தை, ‘பேபி பேக்’ எனப்படும் மெலிந்த முதுகு விலாவுக்கும் கொடுத்தால் கழல்வாதம் வென்றுவிடும்.

கருதல் அளவை: சதையைக் கட்டிப்பிடித்திருக்கும் கொலாஜன், 70 டிகிரியைத் தாண்டியபின் மெல்ல ஜெலட்டினாகக் கரையும். எனவே 90 முதல் 95 டிகிரிக்குள் பதம் என்று வெப்பமானி கொண்டு ஊகிப்பர். ஆனால் விலாவில் சதை மெல்லிது. முள் சற்றே விலகி எலும்பில் பட்டால், கருவி எலும்பின் சூட்டைச் சதையின் சூடாகச் சாதிக்கும்.

காட்சி அளவை: எலும்பு நுனியில் சதை கால் அங்குலமோ அரை அங்குலமோ பின்வாங்கும், பல்குச்சி தடையின்றி இறங்கும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் விலா வளைந்து மேற்பரப்பில் வெடிப்பு ஓடும். ஓடாவிடில் பொறுக்க, இரண்டாகப் பிய்ந்து விழுந்தால் துக்கம் விசாரிக்க.

புறனடை: அடிப்புறச் சவ்வை முன்பே உரிக்காதவர்க்கு மேற்கண்ட எந்த அளவையும் உதவாது.

4. முடிபு

மூன்று அளவையும் கூடி, இறக்கும் நேரத்தைத்தான் சொல்லும். பதத்துக்கு இறுதிச் சாட்சி பல்லே. ஆகவே, பரிமாறுமுன் சமைப்பவர் ஓர் எலும்பைத் தனியே வெட்டித் தின்பது ஆய்வு நெறி, திருட்டு ஆகாது. ஒரேயொரு மாதிரியை வைத்து முடிவுக்கு வருவது அறிவியலன்று என ஆட்சேபம் எழலாம். ஆய்வாளர் அதை மனமுவந்து ஏற்று, இரண்டாம் எலும்பையும் எடுத்துக்கொள்க.