புகை ஏக்கம்: கரித்தூள் பற்றிய ஒரு தலைகீழ் விதி

நீராவி எஞ்சின் மீது மனிதருக்கு ஏக்கம் எப்படிப் பிறக்கிறது என்ற கேள்வியை அறிஞர்கள் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை. "அந்தக் காலத்து ரயில் போல வருமா!" என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், அந்தக் காலத்து ரயிலில் போய் வந்தவர் போலிருக்கிறது என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். அந்த முடிவு தவறு. எஞ்சினை நினைத்து ஒருவர் உருகும் அளவும், அதன் கரித்தூள் அவர் மேல் விழுந்த அளவும் எதிர்விகிதத்தில் இருக்கின்றன என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் விதி. கரி கூடக் கூட ஏக்கம் குறையும். கரியே படாதவரிடம் அது உச்சியில் நிற்கும். இதைச் சோதிக்க மதுரை ஆனையூர் பொருத்தமான களம். 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த இந்தப் பகுதிக்குப் பக்கத்தில்தான் கூடல்நகர் ரயில் நிலையம் இருக்கிறது. திண்டுக்கல் பாதையில் மின்சார எஞ்சின்கள் இரவும் பகலும் போய்வந்தும், கொடியில் காயும் வேட்டியில் ஒரு கரும்புள்ளி விழுவதில்லை. விதி சரியென்றால் ஏக்கம் இங்கே செழித்திருக்க வேண்டும். செழித்தே இருக்கிறது: ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விடும் பிள்ளைகள் 'குச்சு குச்சு' என்றுதான் ஓடுகிறார்கள்; மின்சார எஞ்சினின் ரீங்காரத்தை எழுப்பி ஓடும் பிள்ளை எந்தத் தெருவிலும் இல்லை.

பிள்ளை விளையாட்டை ஆதாரமாக ஏற்க மறுப்பவர்களுக்கு அரசாங்கச் சான்று தருகிறோம். ஆளில்லாத ரயில்வே கேட் வருகிறது என்று எச்சரிக்கும் சாலைப் பலகையில், சிவப்பு முக்கோணத்துக்குள் வரைந்திருப்பது நீராவி எஞ்சின். நம் நாட்டின் அகலப்பாதையில் அந்த எஞ்சினின் வழக்கமான ஓட்டம் 1995-இல் முடிந்தது. ஆளில்லாத கேட்டுகளையும் அகலப்பாதையிலிருந்து 2019 தொடக்கத்துக்குள் ஒழித்தாயிற்று. எச்சரிக்கப்பட்ட ஆபத்து போய், ஆபத்தை உண்டாக்கிய எஞ்சினும் போன பிறகு, பாடநூலிலும் ஓட்டுநர் உரிமத் தேர்விலும் படம் மட்டும் புகை விட்டுக்கொண்டிருக்கிறது. எஞ்சினைப் பார்க்காமலே அதை அடையாளம் சொல்பவருக்குத்தான் உரிமம் கிடைக்கிறது. பழக்கமில்லாத பொருள் மீது பாசம் வளர்க்க இதைவிடச் சீரான ஏற்பாடு வேண்டியதில்லை.

விதிக்கு மிக வலுவான சான்று சென்னையில் இருக்கிறது. கிழக்கிந்திய ரயில்வேயின் ஈ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-இல் செய்யப்பட்டது. வங்காளப் பக்கம் உழைத்து ஓய்ந்து, நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்ற அதை, 2010-இல் பெரம்பூர் பணிமனை மறுபடி ஓட வைத்தது. பின்னர் சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாட்களில் எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது ஓடியபோது, மக்கள் கைபேசியை உயர்த்திப் பிடித்து அந்தக் காலம் திரும்பிவிட்டதாகப் பூரித்தார்கள். எந்தக் காலம்? அந்தத் தடம் மீட்டர் பாதையாகப் பிறந்து, போன நூற்றாண்டின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. இந்த எஞ்சினோ அகலப்பாதைக்குரியது. தன் இளமையில் எழும்பூருக்கு வந்திருந்தால் தண்டவாளத்தில் இறங்கவே முடிந்திராது. போதாததற்கு, கடற்கரை–தாம்பரம் புறநகர் ரயில்கள் 1931-லேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டவை. ஆக, தமிழ்நாட்டில் எந்தத் தடம் புகையை எல்லோருக்கும் முந்திக் கைவிட்டதோ, அங்கேயே, அங்கு ஒரு நாளும் ஓடியிராத எஞ்சினை வைத்து, கடந்த காலம் மீட்கப்பட்டது. தூரத்தையும் கவனிக்க வேண்டும்: இடையில் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் என இரண்டே நிலையங்கள். ஒரு கரித்தூள் கண்ணைத் தேடிப் பிடிப்பதற்குள் பயணம் முடிந்துவிடும்.

முதல் மறுப்பு மூத்தோரிடமிருந்து வரும். 1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் பாதை வந்தது முதல் நூறாண்டுக்கு மேல் இங்கே நீராவி ஓடியது. அதில் போனவர்களும் ஏங்குகிறார்களே என்பார்கள். ஏங்குவது யார் என்று வகைப்படுத்திப் பார்த்தால் மறுப்பு கரைந்துவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிய பையன் ஏங்குகிறான். அவன் கண்ணில் தூள் விழுந்ததும் முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி ஒற்றி எடுத்த தாய் ஏங்கியதாகக் குறிப்பில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் கிணற்றடியில் வெள்ளை வேட்டியை மூன்று தண்ணீர் அலசியவரும் ஏங்கவில்லை. கொதிக்கும் உலை வாயில் மணிக்கணக்காக நின்று கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் தன் மகனும் அதே மண்வாரியைப் பிடிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருக்க மாட்டார். ஒரே ரயில், ஒரே புகை. யார் மேல் எவ்வளவு விழுந்தது என்பதைப் பொறுத்தே ஏக்கம் அமைகிறது. மூத்தோரின் ஏக்கம் விதியை மீறவில்லை. துவைத்தவர் வேறொருவர் என்பதை மட்டுமே காட்டுகிறது.

இரண்டாவது மறுப்பு நீலகிரியிலிருந்து வரும். மேட்டுப்பாளையம்–குன்னூர் பற்சக்கரப் பாதையில் நீராவி எஞ்சின் இன்றும் ஓடுகிறது. அதன் பயணிகள் முகம் சுளிக்கவில்லையே என்பார்கள். அங்கே எஞ்சின் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பு கருதி அது எப்போதும் பள்ளத்துப் பக்கத்தில்தான் நிற்கும். மலையேறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். மூச்சிரைத்து அதிகம் புகைவது ஏறும்போதுதான். அப்போது பயணிகள் எல்லோரும் அதற்கு முன்னால் இருக்கிறார்கள். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ கொண்டாடும் அந்த ரயில், பெரும்பாலான புகையைப் பயணிகளுக்குப் பின்னால் விட்டுவிட்டு மேலேறுகிறது. விதிக்கு இதைவிடக் கச்சிதமான சோதனைக்கூடம் கிடைக்காது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. நீராவி எஞ்சின் தன் உழைப்பை ஒளிப்பதில்லை. தண்டு முன்னும் பின்னும் போகிறது, சக்கரம் சுழல்கிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. மின்சார எஞ்சின் பெட்டிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு ஓடுகிறது. எனவே இந்த ஏக்கம் அழகுணர்ச்சிதான் என்பது அந்த வாதம். அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட சக்கரத்துக்குப் போய்ச் சேராத எஞ்சின் அது. மீதி பெரும்பாலும் புகைபோக்கி வழியே வானுக்குப் போனது. அந்த விரயத்தைத்தான் நாம் கம்பீரம் என்று படம் பிடிக்கிறோம். இதை ரசிக்க நடைமேடையில் நிற்க வேண்டும். எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் இருப்பவருக்கு அந்த அழகு தெரியாது, தூள் மட்டும் தெரியும். அழகுணர்ச்சிக்கும் தூரம் தேவை என்று மூன்றாவது மறுப்பும் ஒப்புக்கொள்கிறது.

ஆகவே, மதுரையிலிருந்து கூடல்நகர் வரை ஒரு பாரம்பரிய நீராவி ரயில் விட வேண்டும் என்று நாளை ஆனையூரில் கோரிக்கை எழுந்தால், இக்கட்டுரை அதை எதிர்க்காது. ஒரே ஒரு நிபந்தனை: வெள்ளை வேட்டி, திறந்த ஜன்னல், முதல் பெட்டி. விண்ணப்பத்தில் பயணியின் கையெழுத்தோடு, அவர் வீட்டில் துணி துவைப்பவரின் ஒப்புதல் கையெழுத்தும் இருக்க வேண்டும்.