மூன்று பத்தி, ஒரு வரி

கேள்வி: வலைப்பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரிக்க ஹெச்டிஎம்எல் டேபிளே போதுமே! சிஎஸ்எஸ் எதற்கு?

பதில்: 1990-களில் உலகமே அப்படித்தான் நினைத்தது. 1996-இல் டேவிட் சீகல் எழுதிய புத்தகம், ஒரே ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படத்தை இழுத்து நீட்டி இடைவெளி விடும் வித்தையைப் பரப்பியது. டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொன்று. பார்வையற்றவருக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள் உள்ளே நுழைந்தால் வழி தெரியாமல் திண்டாடும். அப்புறம் சிஎஸ்எஸ்ஸின் ஃப்ளோட். படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக வந்த அப்பாவி. அதன் தலையில் மொத்தப் பக்கத்தையும் ஏற்றினார்கள். மூன்று பத்தியும் ஒரே உயரத்தில் நிற்பதற்குள் பலருக்கு முடி கொட்டிவிட்டது.

2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்று உலாவிகளிலும் சிஎஸ்எஸ்ஸின் கிரிட் என்ற பத்தி பிரிக்கும் வசதி வந்து சேர்ந்தது. ‘1எஃப்ஆர் 2எஃப்ஆர் 1எஃப்ஆர்’ என்று எழுதினால் மூன்று பத்தி, நடுவில் உள்ளதற்கு இரட்டைப் பங்கு. பாகப்பிரிவினை இத்தனை சுமுகமாக முடிவது கணினியில் மட்டும்தான்!

மதிப்பெண் பட்டியல், விலைப்பட்டியல் என்றால் தாராளமாக டேபிள் போடுங்கள். அதற்குத்தான் அது பிறந்தது. மின்னஞ்சலில் விளம்பரம் வடிவமைப்பவர்களிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள்; பழைய அவுட்லுக் மென்பொருளுக்குப் பயந்து அவர்கள் இன்னமும் டேபிளில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள்.