ஊர் ஒருத்தன் கையில, பேர் ஒருத்தன் கையில

வா பேராண்டி, இங்கன உக்காரு. ராத்திரி பூரா கம்ப்யூட்டரத் தட்டிக்கிட்டுக் கெடக்கான்னு உங்க ஆச்சி பொலம்புதா. நானும் என்னமோ காதல் விவகாரம்னு நெனச்சேன். விசாரிச்சுப் பாத்தா, கலைக்களஞ்சியத்துல அப்காசியான்னு ஒரு சீமையோட அரசாங்கத்துக்குத் தலைப்பு வைக்கியாம். நாலு வார்த்தைக்கு நாப்பது பேரு மல்லுக்கட்டுதீங்களாம். காதல் விவகாரமா இருந்தா ஒரு மாசத்துல முடிஞ்சிருக்கும். இது 1993-லருந்து முடியல.

சண்டைய இன்னும் பெருசாக்கணும்னா அதுக்கும் வழி சொல்லித் தாரேன், கேட்டுக்கோ. 'சட்டபூர்வமான அப்காசிய அரசாங்கம்'னு தலைப்பப் போடு. ஜார்ஜியாவுல திபிலீசிங்கிற ஊர்ல இருக்க அரசாங்கத்துக்காரன் உனக்கு மாலை போடுவான். அப்காசியாவுக்குள்ள சுகுமியில இருக்க போட்டி அரசாங்கத்துக்காரன் உன் போட்டோவுக்கு மாலை போடுவான். மறுநாளு 'அரசாங்கம்னு சொல்லிக்கிடுத கூட்டம்'னு மாத்து. மாலை ரெண்டும் இடம் மாறிரும். ரெண்டு பேரையும் சந்தோசப்படுத்தணுமா, 'பொம்மை அரசாங்கம்'னு மட்டும் போட்டு, எதுன்னு சொல்லாம விட்டுரு. ரெண்டு பேருமே அடுத்தவனத்தான் அப்படிச் சொல்லுதான். படிச்சுட்டு ரெண்டு பேரும் தலையாட்டுவான்.

சிரிக்காத. அங்க நடந்தது சிரிக்கிற சங்கதி இல்ல. சோவியத் காலத்துல அப்காசியா, ஜார்ஜியாவுக்குள்ள இருந்த தன்னாட்சிக் குடியரசு. சோவியத் ஒடஞ்சதும் 1992 ஆகஸ்டுல போர் மூண்டுச்சு. 1993 செப்டம்பர் 27-ல சுகுமி விழுந்துச்சு. அங்க அமைச்சரவைத் தலைவரா இருந்த ஜூலி ஷர்த்தாவாவப் பிடிச்சுக் கொன்னுட்டாங்க. 2,00,000 பேருக்குக் கொறையாம ஜார்ஜியருங்க வீடுவாசல விட்டு ஓடியாந்தாங்க. தப்பிச்சு வந்த அரசாங்கம் திபிலீசியில ஆபீஸ் போட்டு, 'அப்காசிய தன்னாட்சிக் குடியரசின் அரசாங்கம்' நாங்கதான்னு இன்னைக்கும் உக்காந்திருக்கு.

அங்கிட்டு சுகுமியில 'அப்காசியக் குடியரசு'ன்னு அதிபர், பார்லிமெண்டு எல்லாம் வச்சு இன்னொரு அரசாங்கம் நடக்கு. 2008 ஆகஸ்ட் 26-ல ரஷ்யா அத ஒரு நாடுன்னு ஏத்துக்கிட்டுது. பின்னாலயே நிகரகுவா, வெனிசுவேலா, நவூரு; பத்து வருசம் கழிச்சு சிரியா. துவாலுன்னு ஒரு குட்டித் தீவு நாடு 2011-ல ஏத்துக்கிட்டு, 2014-ல அதத் திரும்ப வாங்கிக்கிட்டுது. மத்த உலகத்துல முக்காவாசிக்கு மேல அது ஜார்ஜியா மண்ணுதான்னு சொல்லுது.

ஆக, பட்டா ஒருத்தன் பேர்ல, அனுபோகம் இன்னொருத்தன் கையில. இந்த மாதிரி வழக்க நம்ம தாலுகாபீஸ் வாசல்ல எம்புட்டுப் பாத்திருக்கோம்! ஆனா யய்யா, நீ தாசில்தார் இல்ல. எந்த வயல் எதுன்னு பலகை நடுத தலையாரி. 'இது இன்னாருக்கே சொந்தம்'னு பலகையில எழுத உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? வழிப்போக்கன் வயல் மாறி எறங்காம இருந்தா உன் வேல முடிஞ்சுது.

உன் சேக்காளி ஒருத்தன், 'நாடு கடந்த அப்காசிய அரசாங்கம்'னு வச்சா நடுநிலையா இருக்கும்ங்கானாம். பாவம், சூதுவாது தெரியாத பய. திபிலீசி எது? ஜார்ஜியாவோட தலைநகரம். அப்காசியாவும் ஜார்ஜியாதான்னு அடிச்சுச் சொல்லுத அரசாங்கம் அது. சொந்த நாட்டுத் தலைநகரத்துல உக்காந்திருக்கவன எப்படிடா நாடு கடந்தவன்னு சொல்லுவ? சொன்ன மறுநிமிசம், அப்காசியா வேற நாடுன்னு கையெழுத்துப் போட்டுட்ட. சுகுமிக்காரன் கேக்காமலே அவனுக்கு ஒரு அங்கீகாரம். துவாலு கூட யோசிச்சுத்தான் குடுத்துச்சு.

இன்னொண்ணும் இருக்கு. 2006-ல இந்தத் திபிலீசி அரசாங்கம் கோடோரிப் பள்ளத்தாக்குல ச்கால்தாங்கிற ஊருக்குக் குடிபோச்சு. அது அப்காசியாவுக்குள்ளயேதான் இருக்கு. 2008 ஆகஸ்ட் போர்ல அங்கருந்தும் தொரத்திட்டாங்க. அந்த ரெண்டு வருசமும் 'நாடு கடந்த'ங்கிற தலைப்பு எங்க போய் முகத்த வச்சுக்கிடும்? தலைப்புல முகவரிய எழுதாத. அவன் வீடு மாத்தும்போதெல்லாம் நீ தலைப்ப மாத்திக்கிட்டுத் திரியணும்.

அதனால, திபிலீசிக்காரன் தனக்கு வச்சுக்கிட்ட பேரையே வச்சிரு: 'அப்காசிய தன்னாட்சிக் குடியரசின் அரசாங்கம்'. சுகுமிக்காரன் பேர்ல 'தன்னாட்சி' கெடையாது. ரெண்டும் தனித்தனியாத் தெரியும். 'அப்படி வச்சா அவன் உரிமைய ஒத்துக்கிட்டதா ஆயிராதா தாத்தா'ன்னு கேப்ப. அதுக்குத்தான் முதல் வரி இருக்கு. திபிலீசியில இருந்து இயங்குது, அப்காசியாவுல ஒரு சாண் மண்ணு கூட அது கையில இல்ல, ஜார்ஜியா இதத்தான் சட்டபூர்வமானதுன்னு சொல்லுதுன்னு முதல் வரியிலயே போட்டு ஒடச்சிரு. பேரச் சொன்னது நீ. உரிமையப் பத்தி முடிவு பண்ணுதது படிக்கிறவன்.

எழுதும்போது சுகுமிங்கிற பேர்லயும் கவனமா இரு. கடைசியில 'இ' இருந்தா ஜார்ஜியன் வழக்கம். 'சுகும்'னு நிறுத்துனா ரஷ்யன் வழக்கம். அப்காசியன் தன் மொழியில 'அக்வா'ம்பான். ஒரு எழுத்த விட்டதுக்கு ஒரு வாரம் சண்ட போடுத ஆளுங்கள நீ அங்க பாக்கலாம். மூணு வடிவத்தையும் கட்டுரைக்குள்ள சொல்லிட்டு, ஒண்ணப் பிடிச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் போ.

எல்லாத்துக்கும் ஒரே அச்சுன்னு மட்டும் நெனச்சிராத. பக்கத்துலயே தெற்கு ஒசேத்தியா. அங்க பிரிவினைக்காரங்க அரசாங்கத்துல பிரதமரா இருந்த திமித்ரி சனகோயெவ் கட்சி மாறினாரு. 2007-ல அவரு தலைமையில ஜார்ஜியா ஒரு நிர்வாகம் அமைச்சுது. ஆனா பாரு, அந்தச் சீமையோட தன்னாட்சிய 1990-லயே ஜார்ஜியா கலைச்சுப்போட்டுது. அதனால அங்க 'தன்னாட்சி அரசாங்கம்'னு வைக்க வழியில்ல. 'தற்காலிக நிர்வாகம்'னுதான் அவங்களே வச்சாங்க. நீ பரிதாபப்பட்டு அத 'அரசாங்கம்'னு ஒரு படி ஏத்திவிட்டா, கேக்காதவனுக்குப் பதவி குடுத்த புண்ணியம் உனக்கு.

மேற்கு சகாராவுக்குப் போ. அங்க சஹ்ராவி அரபு சனநாயகக் குடியரசு 1976 பிப்ரவரி 27-ல அறிவிச்சாங்க. ஆபீஸ் இருக்கது அல்ஜீரியாவுல, தின்டூப் பக்கத்து அகதி முகாம்ல. மேற்கு சகாராவுல பெரும்பகுதி மொராக்கோ கையில. கிழக்கோரமா ஒரு துண்டு இவங்க கையில. அது முழுசா நாடு கடந்ததும் இல்ல, முழுசா ஊருக்குள்ள இருக்கதும் இல்ல. ஆப்பிரிக்க ஒன்றியத்துல அது உறுப்பினர். மொராக்கோவும் 2017-ல அதே ஒன்றியத்துக்குத் திரும்பி வந்துட்டுது. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான், ஒரே அவையில உக்காந்திருக்கான். அவங்களே அப்படி இருக்கும்போது, உன் கட்டுரைங்க பக்கத்துல பக்கத்துல இருந்தா என்ன? மண்ணுக்கு 'மேற்கு சகாரா'ன்னு ஒரு கட்டுரை, அரசுக்கு அதோட பேர்ல ஒரு கட்டுரை. மண்ணையும் அரசையும் ஒரே தலைப்புல கட்டிப்போட்டாத்தான் ரெண்டும் கடிச்சுக்கிடும்.

திபெத்து சங்கதி வேற மாதிரி. தர்மசாலாவுல இருக்கது தனக்கு வச்சுக்கிட்ட பேரு 'மத்திய திபெத்திய நிர்வாகம்'. பத்திரிகைக்காரன் பூரா 'நாடு கடந்த திபெத்திய அரசு'ங்கான். 1959-ல தலாய் லாமா எல்லை தாண்டி வந்தாரு. அடுத்த வருசமே தர்மசாலாவுக்கு வந்தாச்சு. எந்த நாடும் அத முறையா அங்கீகரிக்கல. அப்பம் ஊரு கூப்பிடுத பேரா, அவன் வச்ச பேரா? ஒண்ணத் தலைப்பா வை, இன்னொண்ணுக்கு வழிமாற்றுப் போடு. எதத் தேடினாலும் ஒரே கட்டுரைக்கு வந்துருவான். அந்த வழிமாற்ற ஒழுங்காப் போட்டிருந்தா பாதிப் பேரு ராத்திரி தூங்கியிருப்பான்.

வச்ச தலைப்பு வச்சபடியே நிக்கும்னும் நெனைக்காத. பெரியசாமித் தூரன் தமிழுக்குக் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி போட்டாரே, அது அச்சேறினா ஏறினதுதான். உங்க காலத்துல அப்படி இல்ல. ஆங்கில விக்கிப்பீடியாவுல 'சீனக் குடியரசு'ன்னு இருந்த கட்டுரை 2012-ல 'தைவான்' ஆச்சு. 'கியெவ்' 2020-ல 'கீவ்' ஆச்சு. வருசக்கணக்கா வாதாடித்தான் ஆச்சு. தைவான் தலைப்பு மாறினதால அதுக்கு ஐ.நா.வுல நாற்காலி கெடைச்சுதா? பொது வழக்கு மாறுச்சு, தலைப்பு பின்னால போச்சு. நீ முன்னால ஓடிப் போய் வழக்க இழுத்துட்டு வரப் பாக்காத.

கடைசியா ஒரு பரீச்ச வைக்கேன். தூரத்து அப்காசியாவுக்கு எல்லாவனும் நடுநிலைதான். 2010-ல புலம்பெயர்ந்த தமிழங்க தேர்தல் வச்சு அமைச்ச நாடுகடந்த தமிழீழ அரசாங்கத்துக்குத் தலைப்பு வைக்கும்போது உன் கை நடுங்கும். ஒருத்தன் 'சட்டபூர்வமான'ன்னு சேக்கச் சொல்லுவான், ஒருத்தன் 'கூறிக்கொள்ளும்'னு சேக்கச் சொல்லுவான். ரெண்டையும் சேக்காத. அது வச்சுக்கிட்ட பேர வை. எந்த நாடும் அங்கீகரிக்கல, இலங்கை 2014-ல தடை போட்டுதுன்னு உள்ள எழுது. சுகுமிக்கு ஒரு அளவு, நம்மாளுக்கு ஒரு அளவுன்னு வச்சேன்னா, நீ எழுதுதது கலைக்களஞ்சியம் இல்ல, கட்சி நோட்டீசு.

இம்புட்டுத்தான் யய்யா. பேர அவன்கிட்ட வாங்கு, முகவரிய முதல் வரியில எழுது, வழக்க உள்ள விவரி, தீர்ப்ப நீ சொல்லாத. நாலு வார்த்தைத் தலைப்பால எந்த அகதியும் ஊர் திரும்பினது கெடையாது, எந்தப் படையும் பின்வாங்கினது கெடையாது. போ, அந்தத் தலைப்பப் போட்டுட்டு வெளக்க அணை. ஆச்சி தூங்கட்டும்.