குடும்ப ஊர்தித் தேர்வில் கடைசி சீட்டின் இடம்: ஓர் ஆய்வு

தமிழில் எந்த ஆய்வையும் சங்க காலத்தில் தொடங்குவது மரபு. மீறினால் வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே நாமும் அங்கிருந்தே புறப்படுவோம். சங்கப் பாடல்களில் தேருக்குக் குறைவில்லை. வினைமுடித்துத் திரும்பும் தலைவன், பாகனை விரைந்து ஓட்டச் சொல்கிறான். வண்டுகள் வெருளக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டியவனும் உண்டு. இவ்வளவு நுட்பம் பார்த்தவர்கள் தேரில் ஏற்றியதோ இருவரை: தலைவன், பாகன். தலைவி வீட்டிலேயே காத்திருக்கிறாள். மாமியார், நாத்தனார், சின்ன மச்சினன் எவரும் உடன் வருவதில்லை. பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். அந்தத் தேரில் டிக்கி எவ்வளவு என்று உரைகாரர் எவரும் கவலைப்படவில்லை. சங்கத் தேர் குடும்ப ஊர்தி ஆகாது என்பது இவ்வாய்வின் முதல் முடிவு.

முதல் குடும்ப ஊர்தி கூண்டு வண்டியே. வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளத்தை விரித்துவிட்டால் எத்தனை பேர் உட்காரலாம் என்ற கேள்விக்கே இடமில்லை. எத்தனை பேர் ஏறினார்களோ அத்தனை பேருக்கான வண்டி அது. இந்த உயரிய கோட்பாட்டை இயந்திர யுகத்தில் காத்தது அம்பாசிடர். பழைய மாடல்களில் கியர் கம்பி ஸ்டியரிங்கோடு ஒட்டியிருந்தது. முன் சீட் பெஞ்சு போல் நீளம். ஓட்டுபவர் கதவுப் பக்கம் சற்றே ஒதுங்கினால் முன்னால் மூவர். பின்னால் நால்வர். இவர்களுடைய மடிகளில் மற்றவர்கள்.

'மடி' என்பதை இவ்வாய்வு ஒரு கலைச்சொல்லாகவே ஆள்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஐந்து இருக்கை என்று போட்டிருந்த காலத்தில், மிச்சக் குடும்பத்தைச் சுமந்தது மடிதான். பத்து வயது வரை பையனுக்கு டிக்கெட்டும் இல்லை, சீட்டும் இல்லை. பிறகு இருக்கை வார் வந்தது. ஏர்பேக் வந்தது, 2021 ஏப்ரல் முதல் புது மாடல் கார்களில் முன் சீட் இரண்டுக்கும் அது கட்டாயமாயிற்று. மடியில் குழந்தையோடு ஏர்பேக் முன்னால் உட்காருவது ஆபத்து என்பது விளையாட்டுப் பேச்சில்லை. மடி காலாவதியானது. காலாவதியான மடிக்கு ஈடாகத்தான் மூன்றாம் வரிசை பிறந்தது என்பது இவ்வாய்வின் கருதுகோள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்பாரும் உளர். அவர்கள் எப்போதும் தனியாகப் பயணம் செய்பவர்கள் என்க.

இனி, கடன் கிடைக்கும் என்று வங்கி சொன்ன மறுநாளே வீட்டில் தோன்றிவிடும் மூன்று கட்சிகளைப் பார்ப்போம்: வேகன், எஸ்.யூ.வி., எம்.பி.வி. வேகன் கட்சியை முதலில் முடித்துவிடலாம். அதற்கு இங்கே ஆளே இல்லை. காரின் கூரையைக் கடைசி வரை நீட்டி, டிக்கியையும் உள்ளறையையும் ஒன்றாக்கினால் வேகன். காரைப் போல் தாழ்ந்து, வளைவில் சாயாமல் ஓடும், சாமானும் கொள்ளும். அறிவுள்ள எவரும் வாங்க வேண்டிய வண்டி. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது, போனது. ஸ்கோடா ஆக்டேவியா காம்பி வந்தது, அதுவும் போனது. காரணத்தை ஒரு கொங்கு நாட்டுப் பெரியம்மா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "பொண்ணு பாக்கப் போற வண்டி அமரர் ஊர்தி மாதிரி இருந்தா எப்படீங்க?" இதற்கு எந்தப் பொறியாளரும் இன்னும் விடை சொல்லவில்லை. வேகன் ஆர் விற்றதே என்று மறுப்பவர்களுக்கு: அது பெயரால் வேகன், உடலால் உயரமான சின்னக் கார். விடுக.

அமெரிக்காவில் வேகனின் கதை வேறு மாதிரி முடிந்தது. அங்கே அதுதான் குடும்ப வண்டி. 1983 இறுதியில் கிரைஸ்லர் நிறுவனம் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்னும் இரட்டையரை இறக்க, வேகன் சாய்ந்தது. எரிபொருள் சிக்கனச் சட்டத்தில் வேகன் ஒரு கார், விதி கடுமை. மினிவேனோ சட்டத்தின் கண்ணுக்கு இலகு டிரக்; விதி இளக்கம். அந்த மினிவேனில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்த பிள்ளைகள், சம்பாதிக்கத் தொடங்கியதும் 'அம்மா வண்டி' வேண்டாமென்று எஸ்.யூ.வி.க்குத் தாவினார்கள். அதுவும் சட்டத்தில் டிரக்தான். வண்டியின் குலத்தை ஓட்டுபவர் முடிவு செய்வதில்லை, சட்டம் போடுபவர் முடிவு செய்கிறார் என்பது இதனால் பெறப்படும்.

நம் நாட்டிலும் ஊர்தி இலக்கணம் செய்தவர்கள் நிதியமைச்சகத்தார்தான். 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்குள் அடங்கும் சிறு கார்களுக்கு உற்பத்தி வரி குறைந்தது. அன்றுமுதல் இந்தியக் கார்கள் பலவற்றின் பின்புறம் 3,990, 3,995 மில்லிமீட்டரில் கத்தரித்தாற்போல் நிற்கிறது. 2013 பட்ஜெட்டில் ப. சிதம்பரம், எஸ்.யூ.வி.கள் சாலையிலும் பார்க்கிங்கிலும் அதிக இடத்தை அடைக்கின்றன என்று காரணம் சொல்லி வரியை 27 சதவீதத்திலிருந்து 30 ஆக்கினார். அப்படியானால் எஸ்.யூ.வி. யாது? நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல். எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல்; தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடையே குறைந்தது 170 மில்லிமீட்டர். இம்மூன்றோடு, மக்கள் வழக்கில் எஸ்.யூ.வி. என்று சொல்லப்படுவதாகவும் இருக்க வேண்டும் என்றொரு நிபந்தனையும் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. மக்கள் வழக்கை யார் போய் அளப்பது? அந்தச் சந்தில், பல்பயன் வண்டிகளான எம்.பி.வி.கள் நழுவின. 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, 'எப்பெயரால் அழைக்கப்படினும்' 22 சதவீதச் செஸ் உண்டு என்று சந்தை அடைத்தது. கூடவே, 170 மில்லிமீட்டரைச் சுமையில்லாத நிலையில் அளக்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது.

சுமையில்லாத நிலை என்றது என்னை? தமிழ்க் குடும்ப ஊர்தி அந்நிலையில் இருப்பது ஷோரூமில் மட்டுமே. குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் பானை, அரிசி மூட்டை, தேங்காய், வாழையிலைக் கட்டு, புளியோதரைத் தூக்கு, தண்ணீர் கேன், பெரியப்பா ஆகியோருடன் புறப்படும்போது ஸ்பிரிங் படிந்து அடிவயிறு இறங்கிவிடுகிறது. எனவே ஒரே வண்டி ஷோரூமில் எஸ்.யூ.வி.யாகவும் திண்டிவனம் தாண்டும்போது வேகனாகவும் இருக்கக்கூடும். இந்த நிலை மாற்றத்துக்கு வரித் தள்ளுபடி கோரி எவரும் வழக்குப் போடாதது வியப்பே. இப்போது அதற்கும் வழியில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் நீங்கி, 4 மீட்டருக்குள் 1,200 சி.சி. பெட்ரோல் அல்லது 1,500 சி.சி. டீசல் வரை 18 சதவீதம், அதற்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு 40 சதவீதம் என்றாகிவிட்டது. பெரிய வண்டிகளுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு ஒழிந்தது. சமத்துவம் 40 சதவீதத்தில் கிடைத்தது.

எஸ்.யூ.வி. கட்சியாரின் தலையாய வாதம் மழை. "தண்ணி நின்னா என்ன பண்ணுவ?" என்று கேட்பார்கள். கேட்ட மாத்திரத்தில் எதிர்க்கட்சி வாயடைத்துப் போகும். ஆனால் தண்ணீரில் வண்டியைக் காப்பது அடிவயிற்றின் உயரம் மட்டுமில்லை. எஞ்சின் மூச்சு வாங்கும் குழாய் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். தவிர, விற்கும் எஸ்.யூ.வி.களில் பெரும்பாலானவை இரண்டு சக்கரங்களால் மட்டும் இழுக்கப்படுபவை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த அன்று, வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தப்பட்ட வண்டிகளை நாடே படத்தில் பார்த்தது. உயர்ந்தது தாழ்ந்தது என்ற பேதமின்றி எல்லா வண்டியும் பாலம் ஏறின. வெள்ளத்துக்கென்று வாங்கியது வெள்ளத்துக்கு முன்பே மேட்டுக்கு ஓடியது.

இரண்டாவது வாதம் கம்பீரம். இதை மறுக்கவே முடியாது. பாட்டி ஏறும் வரை. சட்டகத்தின்மேல் உடலை ஏற்றிக் கட்டிய வண்டிகளில் தரை உயரம். மூட்டுவலிக்காரருக்கு அது ஒரு மலையேற்றம். அதனால்தான் இத்தகைய வண்டிகளின் டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி காணப்படுகிறது. நிறுவனத்தின் உதிரிபாகப் பட்டியலில் அது இராது. பாட்டிக்கு உகந்த வண்டி என்று பார்த்தால் 1984-இல் வந்த மாருதி வேன்தான், பின்னாளில் ஓம்னி ஆனது. தாழ்ந்த தரை, தள்ளு கதவு, முழங்காலை மடக்காமல் ஏறி உட்காரலாம். என்ன செய்வது, அதே தள்ளு கதவு ஆள் கடத்தலுக்கும் தோதாக இருந்ததால் சினிமா வில்லன்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். 2019-இல் ஓம்னி நின்றது. இப்போது கடத்துபவர்களும் எஸ்.யூ.வி.யில்தான் வருகிறார்கள்.

எம்.பி.வி. கட்சியாருக்கு வாதமே தேவையில்லை, இன்னோவா என்று ஒரு சொல் போதும். 2000-இல் குவாலிஸ், 2005-இல் அதன் இடத்தில் இன்னோவா. அதன்பின் தமிழ்நாட்டில் கல்யாணம், கட்சி மாநாடு, சபரிமலை எதுவும் இன்னோவா இல்லாமல் நடந்ததில்லை. குறை ஒன்றே: "டிராவல்ஸ் வண்டி மாதிரி இருக்கு." சொந்த வண்டியில் போய் இறங்கும்போது மாமனார் வீட்டில் எவராவது "வாடகை எவ்வளவு?" என்று கேட்டுவிட்டால் அந்த ஜென்மம் வீண். இந்த அச்சத்தை நிறுவனங்கள் நன்றாகப் படித்திருக்கின்றன. ஒரகடத்து ஆலையில் இருந்து வந்த டஸ்டரும் லாட்ஜியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எஸ்.யூ.வி. தோற்றத்து டஸ்டர் ஓடியது. வேன் தோற்றத்து லாட்ஜி ஓடவில்லை. அடுத்து வந்த எம்.பி.வி.கள் எல்லாம் பானட்டை நிமிர்த்தி, சக்கரத்தைச் சுற்றிக் கருப்பு பிளாஸ்டிக் கட்டி, பந்தியில் கோட்டுப் போட்டுப் பரிமாறும் சமையல்காரர் போல எஸ்.யூ.வி. வேடத்தில் வந்தன. 2022 இறுதியில் வந்த இன்னோவா ஹைகிராஸும் இதற்கு விலக்கல்ல.

இப்போது ஆய்வின் நடுநாயகமான கடைசி சீட்டுக்கு வருவோம். ஷோரூமில் கேட்டால், "பின்னாடி குழந்தைங்க தாராளமா உக்காரலாம் சார்" என்பார்கள். இதைச் சொல்பவர் தமிழ்க் குழந்தைகளை அறியாதவர். குழந்தைகள் ஜன்னல் ஓரத்தில் உட்காருவார்கள், அழுது உட்காருவார்கள். முன் சீட் வழி தெரிந்த பெரியவருக்கு. வழி தெரியாத பெரியவராக இருந்தாலும் அவருக்குத்தான். நடு வரிசை அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும். மாப்பிள்ளையைக் கடைசி சீட்டில் உட்கார வைத்தால் அது அடுத்த தலைமுறை வரை பேசப்படும். எல்லாக் கணக்கும் போட்டு மிஞ்சுபவர் யார்? கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகன். குடும்பத்திலேயே உயரமானவர், கல்யாணம் ஆகாதவர், எதிர்த்துப் பேச உரிமை இல்லாதவர். குழந்தைக்கு அளந்த சீட்டில் ஆறடி இளைஞர் அமர்கிறார்.

அங்கே அவருக்கு நேர்வது பொறியியல். கடைசி வரிசை பின் அச்சின்மேல் விழுகிறது. சட்டகம் கட்டிய எஸ்.யூ.வி.களில் தரை மேலே எழும்ப, சீட் தாழ்ந்தே இருக்க, முழங்கால் தாடையைத் தொடுகிறது. காரின் உடலமைப்பில் எழுந்த எர்டிகா போன்றவற்றில் தரை கொஞ்சம் இறங்குவதால் கால் கீழே தொங்கும். இந்த ஒரு விஷயத்தில் எம்.பி.வி. கட்சி ஐயமின்றி வெல்கிறது. முன்னாளில் சுமோ, பொலிரோ வகையறாவில் பக்கவாட்டுப் பெஞ்சு இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடலாம், வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் விழலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடைசி சீட்டில் இருந்து கடந்தவர் கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்திருக்கும். அவரிடம் வண்டி எப்படி என்று எவரும் கேட்பதில்லை. ஊர்தி விமர்சனங்கள் யாவும் ஸ்டியரிங் பிடித்தவரால் எழுதப்பட்டவை என்பது இத்துறையின் பெருங்குறை.

சாமானையும் ஒரு வரி பார்த்துவிடுவோம். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்க, டிரைபரில் டிக்கி 84 லிட்டர். எர்டிகாவில் 209 லிட்டர். 84 லிட்டர் என்பது கணக்குப்படி நான்கு தண்ணீர் கேன், அதுவும் தண்ணீரைக் கேனில் இருந்து ஊற்றிவிட்டால். ஏழு பேர் போகலாம்; அல்லது ஐவரும் பானையும் போகலாம். ஏழு பேரும் பானையும் போவதற்குப் பின்னால் குட்டி யானை எனப்படும் சின்னச் சரக்கு வண்டி ஒன்று வரவேண்டும். கிடாய் வேண்டுதல் இருந்தால் கட்டாயம் வரவேண்டும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வீட்டின் மிக உயரமான தம்பியையும், மூட்டுவலி உள்ள பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டி முக்காலி இல்லாமல் ஏறட்டும். தம்பியைக் கடைசி சீட்டில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, செங்கல்பட்டு வரை ஓட்டிவிட்டு வாருங்கள். அவன் இறங்கி நிமிர்ந்து நின்றால் முன்பணம் கட்டலாம். அப்படி ஒரு தம்பியோ பாட்டியோ வருடத்தில் ஒருமுறைதான் உங்களோடு வருவார்கள் என்றால், நால்வருக்கான சின்னக் காரை வாங்கிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற அன்று மட்டும் ஒரு டெம்போ டிராவலரை வாடகைக்குப் பிடியுங்கள். கடன் தவணையும் குறையும். வழியை டிரைவரே பார்த்துக்கொள்வார்.