அடி, ரூடி, தம்பி

கல்யாணப் பந்தியில் ஷூ கம்பெனி வாரிசு பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டால், பாயசம் வருவதற்குள் ஜெர்மனி வந்துவிடும்.

“அண்ணாச்சி, அடி-ரூடி கதை தெரியும்லா?”

தெரியும். தாராவியில் ஷூவுக்கு அட்டைப்பெட்டி போடுகிற எனக்கும் தெரியும், தொண்ணூறடி ரோட்டு டீக்கடைக்காரருக்கும் தெரியும். இருந்தாலும் தம்பி சொல்வார். ஹெர்சோகனவுராக் என்று ஒரு ஊர். அந்தப் பெயர் அவர் நாக்கில் தடுக்காது. சொந்தப் பட்டறைத் தையல்காரர் பெயர்தான் தடுக்கும், “ஏய், நீலச் சட்டை!”

அம்மாவின் சலவைக் கொட்டகையில் ஷூ தைக்கத் தொடங்கியவர் அடோல்ஃப் டாஸ்லர் என்கிற அடி. அண்ணன் ரூடியும் சேர, 1924-ல் கம்பெனி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அவர்கள் தைத்த முள் ஷூவைப் போட்டவர் ஜெஸ்ஸி ஓவன்ஸ், நாலு தங்கம். அப்புறம் சண்டை. 1948-ல் அண்ணன் பிரிந்துபோய்த் தொடங்கியது பூமா, அடுத்த வருஷம் தம்பி பதிவு செய்தது அடிடாஸ். அந்த ஊரில் பேச்சுக் கொடுக்குமுன் எதிராளி காலில் எந்தக் கம்பெனி என்று குனிந்து பார்ப்பார்களாம்.

“எங்கப்பா அடி, பெரியப்பா ரூடி. அவங்களுக்கு நடுவுல அவுராக் ஆறு, நமக்கு மித்தி நதி.”

பெரியப்பா குர்லாவுக்குப் போனது ஒரு சோல் ஒட்டுகிற பிரஸ் மெஷின் யாருக்கு என்ற தகராறில். கதையில் அந்த மெஷின் வராது. தாத்தாவின் பதினாறாம் நாள் விசேஷத்தில் கதை ஓடியது. மாட்டுங்காவில் கஃபே மெட்ராஸ் வாசல் வரிசையிலும் ஓடும். உள்ளே மேஜை கிடைத்தபின் மீதி.

அதில் அவருக்குப் பிடித்த கட்டம் 1954. பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், மழை. அடி நேரில் நின்று, ஷூ அடியில் திருகி மாட்டும் நீள ஸ்டட்டுகளைப் போடவைத்தார். மேற்கு ஜெர்மனி 3-2 என்று ஹங்கேரியைச் சாய்த்தது. “ஓனர்னா மழையில நிக்கணும் அண்ணாச்சி!”

ஜூன் பிறந்துவிட்டால் இந்த ஓனரைத் தாராவியில் பார்க்க முடியாது. வெள்ளை ஷூ நனைந்துவிடும். அதுவும் சொந்தத் தயாரிப்பு இல்லை. செம்பூர் ஃப்ளாட்டிலிருந்து வீடியோ காலில் பட்டறையைச் சுற்றிப்பார்ப்பார். இங்கே ஈரக்காற்றில் பேஸ்ட் காயாமல் சோல் வாயைத் திறந்துகொண்டு, அனுப்பின சரக்கு திரும்பி வந்துகொண்டிருக்கும்.

மற்றதெல்லாம் எல்லா வாரிசுகளுக்கும் உள்ளதுதான்: விசிட்டிங் கார்டில் பெரிய பதவி, காலையில் ஜிம், மத்தியானம் மீட்டிங்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கண்ணைக் கட்டிக் கையில் துண்டு கொடுத்தால் இது மாட்டுத்தோல், இது ஆட்டுத்தோல், இது ரெக்சின் என்று விரலாலேயே சொல்லிவிடுவார். திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே தோல் ஷாப்பில் நின்ற தாத்தாவின் விரல் அது. ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற கால் அச்சு, ஃபர்மா, அதைக் கையில் எடுத்தால் முகமே மாறும். அப்படியே பட்டறையில் உட்காரமாட்டாரா என்று ஆசையாக இருக்கும். போன் அடிக்கும், போய்விடுவார்.

டாஸ்லர் கதையிலும் வாரிசுகள் உண்டு. அடியின் மகன் ஹோர்ஸ்ட் 1987-ல் இறந்தார். 1990-ல் அவருடைய சகோதரிகள் அடிடாஸின் பெரும்பங்கை பெர்னார் தாப்பி என்ற பிரெஞ்சுக்காரருக்கு விற்றார்கள். பூமாவின் பெரும்பங்கை ரூடியின் பிள்ளைகள் அதற்கு முந்தின வருஷமே விற்றிருந்தார்கள். தம்பி சொல்கிற கதை அதுவரை வந்ததே இல்லை. பீடா வந்ததும் எழுந்துவிடுவார்.

கதை போகட்டும். சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமை வருவதில்லை. நீலச் சட்டைக்காரர் ஊருக்குப் பணம் அனுப்ப டீக்கடையில் கைமாற்று கேட்கிறார். என் அட்டைப்பெட்டி பில் போன தீபாவளியிலிருந்து நிற்கிறது, போன் செய்தால், “மார்க்கெட் டல் அண்ணாச்சி.” அட்டை ஆலைக்காரர் என்னிடம் அப்படி ஒரு பதிலை வாங்கிக்கொள்ளமாட்டார். அடுத்த ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்னால் வைத்தால்தான் பெட்டி.