கூட்டல் ஒன்று: திருப்பூர்ப் பவர் டேபிள் மரபில் முதல் காம்பொனென்ட் பற்றிய ஆய்வு

ஆய்வுக்களம்: பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் 18 மிஷின் ஓடும் பவர் டேபிள். ஆய்வுக்காலம்: திங்கள் காலை தொடங்கிச் சனிக்கிழமை சம்பளம் வரை. நெறியாளர்: ஓவர்லாக் மிஷினில் டி-ஷர்ட்டுக்குக் கை வைத்துத் தைக்கும் ஓர் அக்கா. தாம் நெறியாளராக நியமிக்கப்பட்ட செய்தி அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஆய்வுப்பொருள் ஒரு பட்டன். காஜா அடித்துத் தைக்கும் பட்டனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது திரையில் தெரிவது. வெப் அப்ளிகேஷன் எழுதக் கற்றுக்கொள்ளும் யாரும், எந்த நாட்டவராயினும், முதல் நாளில் இதைத்தான் செய்கிறார்கள். அமுக்கினால் சைபர் ஒன்றாகும். மறுபடி அமுக்கினால் ஒன்று இரண்டாகும். பிறகு பெருமையோடு அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். இவ்வளவு அற்பமான பொருளுக்கு ஆய்வு எதற்கு என்று கேட்கும் வாசகர், பீஸ் ரேட்டுக்கு ஒரு வாரம் தைத்துவிட்டு வந்து கேட்கவும். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பது அப்போது விளங்கும்.

முதலில் சொல்லாராய்ச்சி. ஃபிரேம்ஒர்க் என்ற சொல் தங்களுடையது என்று கம்ப்யூட்டர்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பனியன்காரர் சொத்து. 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் யந்திரம் ஒன்றைச் செய்தார். அந்த யந்திரத்துக்குச் சட்டம் என்று பொருள்படும் ஃபிரேம் என்றே பெயர். அதில் உட்கார்ந்து பின்னுகிறவர் ஃபிரேம்ஒர்க் நிட்டர். லண்டனில் இவர்களுடைய சங்கம் 1657-ல் சாசனம் பெற்று இன்றும் இருக்கிறது. 1811-ல் நாட்டிங்ஹாம் பக்கம் லுட்டைட்டுகள் என்ற தொழிலாளர்கள் சம்மட்டியால் அடித்தது இந்தச் சட்டங்களைத்தான். அவர்களுடைய கோபத்துக்கு ஒரு காரணம் நமக்கு நெருக்கமானது. காலுறையைக் காலின் வடிவத்திலேயே பின்னாமல், அகலத் துணியாகப் பின்னி, வெட்டி, தைத்து மலிவாக விற்றார்கள் சில முதலாளிகள். வெட்டித் தைப்பது ஏமாற்று வேலை என்பது பின்னுகிறவர்கள் கட்சி. அந்த ஏமாற்று வேலைதான் இன்று காதர்பேட்டையிலிருந்து பல்லடம் வரை அன்னம் போடுகிறது. 1812-ல் சட்டத்தை உடைத்தால் தூக்கு என்று அங்கே சட்டம் வந்தது. தமிழில் எழுதினால் வாக்கியம் தானாகவே சிலேடையாகிவிடுகிறது. இதில் என் குற்றம் ஏதுமில்லை.

காம்பொனென்ட் என்ற சொல்லுக்கு வயது குறைவு. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் ஊரில் நடந்த மாநாட்டில் டக்ளஸ் மெக்கில்ராய் என்பவர், மென்பொருளையும் உதிரி உதிரியாகப் பெருமளவில் செய்து விற்க வேண்டும் என்று பேசினார். வன்பொருள் ஆட்கள் ஆலை நடத்த, நாம் மட்டும் குடிசைத் தொழில் செய்கிறோமே என்பது அவர் வருத்தம். திருப்பூருக்கு அந்த வருத்தம் இல்லை. குடிசையும் ஆலையும் ஒரே சந்தில் இருக்கின்றன; ஒன்று மற்றொன்றுக்கு டெலிவரி சலான் போட்டுத் துணி அனுப்புகிறது.

எளிமையிலிருந்து தொடங்கு என்பதும் ஊருக்குப் புதிதல்ல. இத்தாலியிலிருந்து வெரோனா என்பவர் 1978-ல் வந்து வாங்கிய வெள்ளை டி-ஷர்ட்டைத்தான் ஏற்றுமதிக் கதையின் முதல் பக்கமாக இங்கே சொல்வார்கள். முன் ஒன்று, பின் ஒன்று, கை இரண்டு, கழுத்துக்கு ரிப் ஒன்று. சாயமும் பிரிண்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏற்றுமதியாளர் சங்கமே 1990-ல்தான் வந்தது.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். பவர் டேபிளை நடத்துகிறவர் என் அக்கா வீட்டுக்காரர். அவர் மகன், எனக்கு மாப்பிள்ளை முறை, கோவையில் படிப்பை முடித்துவிட்டு லேப்டாப்போடு வந்து கட்டிங் டேபிளின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டான். பீஸ் கணக்கு நோட்டை ஒழித்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு டேப்லெட் வைப்பது அவன் திட்டம். தைக்கிறவரே அமுக்குவார், கணக்குத் தானாக ஏறும். பட்டன் மேல் எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டேன். கூட்டல் குறி போட்டால் போதும், ஒடிசாப் பையன்களுக்கும் தெரியும் என்றான். அவனிடம் விஷயம் இருக்கிறது என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

அவன் கையாண்டது ரியாக்ட். ஃபேஸ்புக்கில் ஜோர்டன் வாக் எழுதியது. 2013 மே மாதம் பொதுவுக்கு வந்தது. இது நூலகமே, ஃபிரேம்ஒர்க் ஆகாது என்று வழக்காடுவோர் உண்டு. மிஷின் வேறு, மிஷின் நிற்கும் கட்டடம் வேறு என்பது போன்ற நியாயமான வழக்குத்தான். வாடகை கொடுக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

ரியாக்ட்டில் காம்பொனென்ட் என்பது ஒரு ஃபங்ஷன். உள்ளே விவரம் போகும். திரையில் வரைய வேண்டிய துண்டு வெளியே வரும். உள்ளே போவதற்குப் ப்ராப்ஸ் என்று பெயர். மெர்ச்சண்டைசர் கொடுத்தனுப்பும் மெஷர்மென்ட் சார்ட் அது. டெய்லர் அதைத் திருத்தக் கூடாது. மார்பளவு அரை இஞ்ச் கூட வேண்டுமானால் மேலே சொல்லி, மேலிருந்து புதுச் சார்ட் வர வேண்டும். காம்பொனென்ட் தன் மடியில் முடிந்து வைத்திருப்பது ஸ்டேட். அதை மாற்றச் சொன்னால் ரியாக்ட் அந்த ஃபங்ஷனை மறுபடி ஓட்டித் திரையைப் புதுப்பிக்கும். இரண்டு மிஷினுக்கு இரண்டு பட்டன் வைத்தால் இரண்டுக்கும் தனித்தனி மடி. ஒருத்தர் கணக்கு இன்னொருத்தருக்குப் போகாது. இந்த ஒரு குணத்துக்காகவே ரியாக்ட்டை நெறியாளர் மெச்சியிருக்க வேண்டும். அவர் மெச்சவில்லை.

பெயரிடும்போது இலக்கணச் சிக்கல் வந்தது. காம்பொனென்ட்டின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி; சிறிய எழுத்தில் தொடங்கினால் அதைச் சாதாரண எச்டிஎம்எல் குறி என்று எடுத்துக்கொள்ளும். நான் சும்மா இருக்காமல், தமிழிலேயே 'பீஸ்கணக்கு' என்று வை என்றேன். நமக்குக் குறில் உண்டு, நெடில் உண்டு, ஒற்று உண்டு. பெரிய எழுத்துக்கு எங்கே போவது? மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தட்டினான். ஓடியது! ஆராய்ந்ததில், குறியீட்டை மாற்றித் தரும் பேபல் என்ற கருவி, முதலெழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்தா என்று மட்டும்தான் பார்க்கிறது என்று தெரிந்தது. தமிழ் எழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்து அல்ல; ஆகவே தமிழில் எல்லாமே பெரிய எழுத்து. இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இதுவே. ஆனால் ஸ்டேட்டைச் சேர்த்ததும், விதிகளைச் சரிபார்க்கும் லின்ட் சிவப்புக்கோடு போட்டது. அது ஆங்கிலப் பெரிய எழுத்தையே தேடுகிறது. கட்டிங்கில் ஓகே ஆனது செக்கிங்கில் டேமேஜ் ஆவது திருப்பூரில் யாரையும் வியக்கவைக்காது.

திங்கள் மதியம் பட்டன் நெறியாளரின் மிஷினுக்குப் பக்கத்தில் ஏறியது. அவர் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். ஒன்று வந்தது.

"ஏனுங் தம்பி, ஒவ்வொரு பீஸுக்கும் அமுக்கோணுங்களா?"

"ஆமாங்க்கா."

"அமுக்கறதுக்கு ரேட் என்னங்?"

ஆராய்ச்சி அறையில் இந்தக் கேள்வி எழவே எழாது. அமெரிக்கக் காப்பிக்கடையில் உட்கார்ந்து கூட்டல் ஒன்று பழகுகிறவருக்கு அமுக்குவது இலவசம். இங்கே கணக்கு வேறு. எட்டு மணி நேர ஷிஃப்ட்டில், நிமிஷத்துக்கு ஒன்று என்று அவர் தைப்பது 480 பீஸ். துணியை விட்டுவிட்டுக் கையை நீட்டி அமுக்கித் திரும்ப 2 விநாடி. மொத்தம் 960 விநாடி, அதாவது 16 நிமிஷம், அதாவது 16 பீஸ். தைத்ததை எண்ணுவதற்காகத் தைக்காமல் விட வேண்டியவை. கட்டிங் மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை திருத்தம் கொண்டுவந்தான். டஜன் டஜனாகக் கட்டி, கட்டுக்கு ஒரு தடவை அமுக்கினால் போதும். உள்ளே, 'இருப்பதோடு ஒன்றைக் கூட்டு' என்ற கட்டளையைப் பன்னிரண்டு தடவை ஓடும்படி எழுதியிருந்தான். நேராகப் பன்னிரண்டைக் கூட்டியிருக்கலாமே என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். பவர் டேபிளில் அத்தனை பேரும் சொல்லியாகிவிட்டது.

நெறியாளர் ஒரு டஜனை முடித்து அமுக்கினார். திரையில் 1.

"பன்னெண்டு தெச்சா ஒண்ணுங்களா? நான் முன்னாடி இருந்த கம்பெனிக் கணக்காட்டவே இருக்குதுங்."

அது எந்தக் கம்பெனி என்று இவ்வாய்வாளர் கேட்கவில்லை.

இது ரியாக்ட்டின் பிழை என்று நினைத்தால் பாவம் வந்து சேரும். ஒவ்வொரு முறை ஃபங்ஷன் ஓடும்போதும் ஸ்டேட் ஒரு போட்டோ மாதிரி உறைந்து கையில் வருகிறது. அந்தப் போட்டோவில் சைபர். பன்னிரண்டு கட்டளைகளும் அதே போட்டோவைப் பார்த்தே பேசுகின்றன. எனக்குப் புரியவைத்தவர் கட்டிங் மாஸ்டர்தான். "போர்டுல சைபர் இருக்குதுங். பன்னெண்டு பேரும் அதைப் பாத்துப்போட்டு, 'ஒண்ணுன்னு மாத்துங்'னு ஆளுக்கொரு சீட்டு எழுதிக் குடுக்கறாங்க. கடைசிச் சீட்டுலயும் ஒண்ணுதானுங்களே இருக்கும்?" பரிகாரமும் அவர் சொன்ன மாதிரியே அமைந்தது. 'ஒன்று என்று மாற்று' என்ற சீட்டுக்குப் பதிலாக, 'உன் முறை வரும்போது என்ன இருக்கிறதோ அதோடு ஒன்று சேர்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ரியாக்ட்டில் எண்ணைக் கொடுக்கும் இடத்தில் ஒரு சிறு ஃபங்ஷனைக் கொடுப்பது அதற்கு வழி. மாற்றியதும் 12 வந்தது. கட்டிங் மாஸ்டர் கம்ப்யூட்டர் படித்தவர் அல்லர். ஆனால் சூப்பர்வைசர்களோடு முப்பது வருஷம் சீட்டில் பேசியவர்.

புதன், வியாழன் நிம்மதியாகப் போயின. வெள்ளிக்கிழமை நாலு மணி டீ நேரத்தில், நெறியாளரின் திரையில் 384 இருந்தது, 32 டஜன். யாரோ ஒரு பையன் விரலை வைத்துத் திரையைக் கீழே இழுத்துவிட்டான். பக்கம் புதிதாக ஏறி வந்து, சைபர் என்றது. ஸ்டேட் பக்கத்தோடு பிறந்து பக்கத்தோடு போகிறது. வேறெங்காவது எழுதி வைத்தாலொழிய அதற்கு மறுபிறவி இல்லை. முதல் பாடத்தில் இதை யாரும் சொல்வதில்லை. அங்கே 384 போனால் அழ ஆளில்லை.

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நெறியாளர் பதறவே இல்லை. மிஷின் பலகையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். மார்க்கிங் சாக்பீஸால் போட்ட கோடுகள், டஜனுக்கு ஒன்றாக, திங்கள் முதல்.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் நோட்டைப் பார்த்தே போட்டார்கள். நோட்டும் சாக்பீஸ் கோடுகளும் ஒத்துப்போயின. பட்டனை மாமா கழற்றவில்லை. மாப்பிள்ளை இப்போது எண்ணிக்கையைச் சர்வரில் சேமிக்க எழுதிக்கொண்டிருக்கிறான். டஜனுக்கு ஒரு அமுக்கு என்றாலும் ஷிஃப்ட்டுக்கு 40 தடவை, 80 விநாடி ஆகிறது. அதற்கான ரேட் பேச்சு நடக்கிறது: மாமா ஒரு பீஸுக்கு ஒத்துக்கொள்கிறார், நெறியாளர் இரண்டு கேட்கிறார்.