நாசி லெமாக் கணக்கு

மூத்த காற்பந்து வீரரின் மதிப்பை எதை வைத்து அளப்பது என்று உலகமே திணறுகிறது. சிங்கப்பூருக்கு அந்தக் கவலை இல்லை. நாம் நாசி லெமாக் பொட்டலத்தில் அளக்கிறோம்.

2024 ஜூன் 11, பேங்காக். நம் கோல்காப்பாளர் ஹசன் சன்னிக்கு வயது 40. தாய்லாந்து அடித்த பந்துகளில் 11 முறை கைவைத்துக் காப்பாற்றினார். நாம் 3-1 என்று தோற்றோம், குழுவிலும் கடைசி. அதெல்லாம் சில்லறை விவகாரம். இன்னொரு கோல் விழுந்திருந்தால் அதே குழுவில் இருந்த சீனா உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலிருந்து மூட்டை கட்டியிருக்கும்!

சீனாவின் நன்றிக்கடன் தெம்பனிஸில் அவருடைய நாசி லெமாக் கடை வாசலில் வரிசையாக வந்து நின்றது. வர முடியாத சீன ரசிகர்கள் கடையின் கியூஆர் குறியீட்டைத் தேடிப் பணம் அனுப்பினார்கள். போதும், அனுப்பாதீர்கள் என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று.

தேசிய அணிக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினாரே, அப்போதெல்லாம் இந்த வரிசை எங்கே போனது என்று கேட்காதீர்கள். நாங்கள் தேக்காவில் பிரியாணிக்கு நின்றுகொண்டிருந்தோம்.

இனி திட்டம் எளிது. அணியில் ஆளுக்கொரு கடை. தற்காப்பு ஆட்டக்காரருக்குப் பரோட்டா, நடுத்திடலுக்குத் தே தாரேக். தோல்வி மட்டும் அளவாக இருக்கவேண்டும். இரண்டு கோல் வித்தியாசம் உத்தமம். கோல் அடிப்பவருக்குத்தான் கடை இல்லை. அவர் வென்று தொலைத்தால் வியாபாரம் என்னாவது?

என் பேரனையும் கோல்காப்பாளர் ஆக்கத் தீர்மானித்துவிட்டேன். தேங்காய்ப்பால் பதம் வந்துவிட்டது. சம்பல்தான் இன்னும் கைவரவில்லை. வந்ததும் பந்து வாங்கிக் கொடுப்பேன்.